நொய் அல்வாவின் ஊர்

உத்திரமேரூர்
12.8.2024

அன்புத் தங்கச்சி உம்முல் குல்சுமுக்கு அண்ணன் முகம்மது கௌஸ் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாவின் கிருபையால் இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். எனக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை. விழுப்புரம் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தால் உன் காதுக்கு ஏதாவது குணம் தெரிகிறதா? மகள் ஜாஹிராவுக்குச் சளி போய்விட்டதா?

நல்ல செய்தி ஒன்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். நம் சங்கம் இரண்டு வருஷமாக அலைந்த அலைச்சலுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. உத்திரமேரூர் நொய் அல்வாவுக்குப் புவிசார் குறியீடு கேட்டுப் போட்ட மனு அரசு இதழில் வெளியாகிவிட்டது. சில மாதத்துக்குள் யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் பேர் நமக்கே. அதன்பிறகு அந்தச் சென்னைக் கம்பெனிக்காரன் மெஷினில் கிண்டி டப்பாவில் அடைத்து நம் ஊர் பேரை ஒட்டி விற்க முடியாது.

என் கடையில் அல்வா கிண்டத் துடுப்புப் போடும் எல்லப்பனை உனக்குத் தெரியுமே. போன மாதம் செங்கல்பட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தான். "இன்னா பாய், நம்ம ஊர் பேர வச்சிக்கினு எவனோ பொழைக்கிறான், நாம அடுப்ப அவிச்சிட்டு குந்திக்கினு கீறோம்" என்றான். இப்போது அவன்தான் கடைத்தெரு முழுக்கச் செய்தியைச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஒரு பொருளுக்கும் அது பிறந்த மண்ணுக்கும் என்ன தொடர்பு என்று மனுவில் எழுத வேண்டும். வக்கீல் அருள்தாஸ் அதைக் கேட்டபோது எனக்குச் சட்டென்று தோன்றியது. எங்கள் நொய்யரிசி ஏரித் தண்ணீரில் ஊறுகிறது, அதனால்தான் அல்வாத் துண்டை மடித்தால் விரிசல் விடுவதில்லை, வேறெந்தத் தண்ணீரிலும் இந்தப் பதம் வராது என்று சொன்னேன். வக்கீல் அப்படியே எழுதிக்கொண்டு, "பாய், இது ஒண்ணு போதும்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள். தொழுகையில் எங்களுக்காகவும் துஆ கேள்.

உன் அண்ணன்,
கௌஸ்


செஞ்சி
20.8.2024

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் குல்சுமின் ஸலாம். நாங்கள் இருவரும் நலம். சொட்டு மருந்து போட்டதில் தலையணை நனைந்ததுதான் மிச்சம். காய்ச்சலில் போன காது இனித் திரும்பாது என்பது அந்த டாக்டரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குப் பழகிவிட்டது அண்ணே. எதிரில் நிற்பவர் வாயைப் பார்த்தே பாதி பேச்சைப் பிடித்துவிடுகிறேன். மீதிக்குக் கடையில் ஒரு சிலேட்டு வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் எழுதிக் காட்டுகிறார்கள். போன் எனக்கு வெறும் டப்பா. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் கழன்றுகொள்கிறீர்கள். அதனால்தான் கடிதம் எழுதுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன்.

செய்தி படித்து ஜாஹிராவுக்குச் சர்க்கரை கொடுத்தேன். ஆனால் அண்ணே, நம் வீட்டுக்கு ஏரித் தண்ணீர் எப்போது வந்தது? அத்தா ஊற வைத்தது பின்கட்டுக் கிணற்றுத் தண்ணீரில். கிணறு வற்றிய வருஷம் லாரித் தண்ணீர். ஏரியில் மாடு குளித்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் சின்ன வயசிலேயே வாத்தியாரிடம் இப்படித்தான் அளப்பீர்கள், இப்போது சர்க்காரிடமே அளக்கிறீர்கள்.

பதம் தண்ணீரில் இல்லை, வெல்லப்பாகில் இருக்கிறது என்று அம்மா சொல்வாள். என் நிக்காஹ் அன்று மாமியார் எல்லோர் எதிரிலும் நான் கிண்டிய துண்டை எடுத்து மடித்தார். நம் பக்கத்து வழக்கம் அதுதானே. விரிசல் விட்டால் பொண்ணுக்குக் கை வராது என்று ஆயுசுக்கும் பேசுவார்கள். துண்டு துணி மாதிரி மடிந்தது. மாமியார் என்னைக் கட்டிக்கொண்டார். அன்று நீங்கள் பந்தலில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அவர் மவுத்தான பிறகு இந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் "உத்திரமேரூர் நொய் அல்வா" என்று போர்டு வைத்திருக்கிறேன். பேர் பதிவானால் எனக்கும் அது உண்டுதானே? மறக்காமல் பதில் போடுங்கள்.

முட்டிக்கு நல்லெண்ணெய் சுட வைத்துத் தேயுங்கள். அண்ணிக்கு என் ஸலாம்.

தங்கை,
குல்சும்


உத்திரமேரூர்
5.10.2024

தங்கச்சி குல்சுமுக்கு, உன் மேலும் ஜாஹிரா மேலும் அல்லாவின் அமைதி உண்டாகட்டும். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. சங்க வேலையில் பேனா எடுக்க நேரமில்லை. உன் அண்ணிக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. அல்வா வியாபாரி வீட்டில் அல்வாவை ஒளித்து வைக்க வேண்டிய நிலைமை.

இங்கே நல்ல மழை. ஏரி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. ஆண்டாளம்மாள் என்று வயசான ஒருத்தியும் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், மருமகளோடு சேர்ந்து அடுப்பு வைத்திருக்கிறாள். கூட்டத்தில் எழுந்து, "எம் பேரையும் எய்திக்க பாய், நானும் இந்த ஊரு மண்ணுதான்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது நம்மோடு இருபதுக்கும் மேற்பட்ட குடும்பம். என்னைச் செயலாளராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஜாஹிராவுக்கு வரன் ஏதாவது வந்தால் என்னைக் கேட்காமல் முடிவு செய்யாதே. மழைக்காலம், காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்.

கௌஸ்


செஞ்சி
14.10.2024

மதிப்புக்குரிய செயலாளர் அண்ணனுக்குத் தங்கை குல்சுமின் ஸலாமும் வாழ்த்தும். நாங்கள் நலம். அண்ணியைச் சாயங்காலம் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். ஏரி நிறைந்தது, ஆண்டாளம்மாள் பேசியது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். நான் கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. சென்னையிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். அல்வா வாங்கித் தின்றார்கள். மடித்துப் பார்த்தார்கள். ஒருவர் போர்டைப் படம் பிடித்தார். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் சிலேட்டை விட்டுவிட்டு நல்ல வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்டார்கள், உங்கள் அல்வாவும் உத்திரமேரூரில் செய்கிற அல்வாவும் ஒன்றுதானா என்று. நான் விடுவேனா? "ஒரே கை, ஒரே பதம். தண்ணீர்தான் வேறு, மற்றபடி கடுகளவும் வித்தியாசம் இல்லை. என் கூடப் பிறந்த அண்ணன்தான் அங்கே சங்கச் செயலாளர்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர்கள் போலிருக்கிறது. படம் வந்தால் எடுத்து வையுங்கள்.

உங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்து நினைத்து அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு. முட்டி எப்படி இருக்கிறது, எழுதுங்கள்.

குல்சும்


உத்திரமேரூர்
3.12.2024

குல்சுமுக்கு ஸலாம்.

உன் வெள்ளைத் தாள் வந்து சேர்ந்துவிட்டது. எங்கே தெரியுமா? சென்னைக் கம்பெனி போட்ட ஆட்சேப மனுவோடு, சாட்சி ஆவணமாக. மேலே உன் போர்டின் படம், கீழே உன் கையெழுத்து. செஞ்சியில் போர்த் தண்ணீரில் கிண்டினாலும் அதே பதம் வருகிறது, செயலாளரின் தங்கையே எழுதிக் கொடுத்திருக்கிறாள், ஆகவே இந்த அல்வாவுக்கும் உத்திரமேரூருக்கும் ஒரு தொடர்பும் இல்லை, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் இந்தப் பேரில் செய்யலாம் என்று அவன் வக்கீல் எழுதியிருக்கிறான்.

வக்கீல் அருள்தாஸ் படித்துக் காட்டியபோது கூட்டத்தில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லப்பன் மட்டும், "உன் தங்கச்சியா பாய் இப்படி எய்திக் குட்தது" என்று கேட்டான். பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. யார் கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுவாயா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டாயா?

நீ கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லிவிடுகிறேன். மனுவோடு கொடுத்த வரைபடத்தில் உத்திரமேரூர் வட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்குள் செய்தால்தான் அந்தப் பேர். செஞ்சி கோட்டுக்கு வெளியே. உன்னைச் சேர்த்தால் வெளியே நிற்கிற எல்லோரையும் சேர்க்க வேண்டும், அந்தக் கம்பெனிக்காரனையும் சேர்த்து. இதை எப்படி எழுதுவது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

கௌஸ்


செஞ்சி
9.12.2024

அண்ணனுக்கு ஸலாம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் நானே சொல்கிறேன், நானும் ஜாஹிராவும் உயிரோடு சுகமாக இருக்கிறோம்.

நான் செய்தது மடத்தனம்தான். காரில் வந்தவன் எதற்குத் தாளைப் பையில் வைத்தான் என்று யோசித்திருக்க வேண்டும். அதற்கு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஏரித் தண்ணீர் என்று பொய்யை எழுதியது நீங்கள், உள்ளதை எழுதியது நான். திட்டு மட்டும் எனக்கா?

கோடு என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கட்டிக் கொடுத்து காரில் ஏற்றி அனுப்பினபோது அந்தக் கோட்டை எங்கே தாண்டினேன் என்று யாரும் சொல்லவில்லையே. மானாம்பதி தாண்டும்போதா, வந்தவாசி ரோட்டிலா? உங்களைப் போல நானும் அந்த வீட்டில்தான் பிறந்தேன். அத்தா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே அடுப்பில்தான் எனக்கும் சொல்லிக் கொடுத்தார். நீங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டீர்கள், பொட்டப்பிள்ளை என்று என்னை அனுப்பிவிட்டீர்கள். அனுப்பினவர்களே இப்போது வெளியூர்க்காரி என்று சொன்னால் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

இதை எழுதி இரண்டு நாள் வைத்திருந்தேன். கோபம் இறங்கின பிறகு மறுபடி எடுத்தேன். ஆண்டாளம்மாள் நினைப்பு வந்தது. அந்த அடுப்பை அணைக்க வைத்த பாவம் எனக்கு வேண்டாம். நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

அண்ணிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?

குல்சும்


உத்திரமேரூர்
6.1.2025

என் கூடப் பிறந்த குல்சுமுக்கு அண்ணனின் ஸலாமும் துஆவும். அன்று கோபத்தில் உன் சுகம்கூட விசாரிக்காமல் எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. உன் அண்ணி அதற்காக என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

விஷயம் இதுதான். நிபுணர் குழு ஒன்று இந்த மாதம் 27ஆம் தேதி இங்கே வருகிறது. கல்யாண மண்டபத்தில் இரண்டு அல்வாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள். ஒன்று நம் சங்கத்துடையது. இன்னொன்று உன்னுடையது. கம்பெனிக்காரன் உன்னைத் தன் சாட்சியாகக் காட்டியிருக்கிறான், அதனால் உனக்குக் கடிதம் வரும். நீ செஞ்சியிலேயே, செஞ்சித் தண்ணீரிலேயே கிண்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி மடிந்தால் மனு தள்ளுபடி ஆகும். அதன்பிறகு எல்லப்பன் செங்கல்பட்டுக்குப் போவான். ஆண்டாளம்மாள் மறுபடி நாற்று நடப் போவாள். அந்த வயசில் அவளால் குனிய முடியுமா என்று தெரியவில்லை. நானும் கடையை மூடிவிட்டு மகனிடம் போய் உட்கார வேண்டியதுதான்.

நீ அன்று எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. நீ அத்தாவின் மகள், உனக்குத் தெரியும்.

வரும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வா, விடியற்காலை பனி அதிகம்.

உன் அண்ணன்,
கௌஸ்


செஞ்சி
13.1.2025

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஸலாம். நலம்.

குழுவின் கடிதம் வந்தது. நானும் ஜாஹிராவும் முதல் பஸ்ஸில் வருகிறோம். நீங்கள் எழுதியது புரிந்தது. எழுதாததும் புரிந்தது.

குல்சும்


உத்திரமேரூர்
31.1.2025

அன்புத் தங்கச்சிக்கு அண்ணனின் ஸலாம். நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? கூட்டத்தில் உன்னோடு உட்கார்ந்து பேச முடியவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் நீயும் ஜாஹிராவும் பஸ் ஏறிவிட்டீர்கள். உன் அண்ணி உங்களுக்காகச் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அல்ஹம்துலில்லாஹ், நாம் ஜெயித்தோம். குழுவினர் தங்கள் அறிக்கையில், செஞ்சியில் செய்த துண்டு மடித்ததும் குறுக்கே விரிந்துவிட்டது, உத்திரமேரூர்த் துண்டு விரியவில்லை, ஆகவே ஊருக்கும் பொருளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். கம்பெனி வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. எல்லப்பன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டான். ஆண்டாளம்மாள் மண்டப வாசலில் விழுந்து கும்பிட்டாள். அவளுக்கு உன்னைத் தெரியாது, அதனால் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நீ மனசு தளராதே. வயசாகிறது, காது போன பிறகு அடுப்பில் பாகு கொதிக்கிற சத்தமும் உனக்குக் கேட்பதில்லை. இதெல்லாம் சகஜம். தண்ணீரும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

ஜாஹிராவுக்கு என் துஆ.

கௌஸ்


செஞ்சி
7.2.2025

அண்ணனுக்கு ஸலாம். பத்திரமாக வந்து சேர்ந்தோம். அண்ணி சமைத்து வைத்திருந்தது தெரியாது, என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.

பாகு கொதிக்கிற சத்தம் கேட்காததால் அல்வா கெட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் காதோடு மூன்று வருஷமாகத் தினமும் கிண்டுகிறேன், ஒரு நாளும் விரிந்ததில்லை. அன்று பாகு முற்றுகிறது என்று வாசனையிலேயே தெரிந்தது. ஜாஹிரா என் கையைப் பிடித்து ஆட்டினாள். "எறக்கும்மா, போய்டப் போவுது" என்றாள். நான் இறக்கவில்லை. அது நன்றாக முற்றிக் கெடுகிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை வந்ததில்லை, அவரைக் கபர்ஸ்தானுக்குத் தூக்கிப் போன நாளைத் தவிர. உங்களுக்காகச் செய்தேன். அந்த இருபது வீட்டுக்காகச் செய்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மண்டபத்தில் அந்த அதிகாரி அம்மா என் துண்டை எடுத்து மடித்தார். விரிந்தது. சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள், பல் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அதுவும் பரவாயில்லை. அப்புறம் நீங்கள் வக்கீல் பக்கம் திரும்பினீர்கள். அப்போது உங்கள் வாய் எனக்கு நேராக இருந்தது. "அவளுக்கு ஆரம்பத்துலருந்தே கை வராது சார்" என்றீர்கள்.

அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை அண்ணே. அல்வா ஏற்கெனவே விரிந்துவிட்டது. அதற்கு மேல் எதற்கு அது? எனக்குக் காது கேட்காது என்றுதானே சொன்னீர்கள். அங்கே இன்னும் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை, அதனால்தான் ஜாஹிராவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எனக்குப் பேர் வேண்டாம். சங்கம் வேண்டாம். ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். "குல்சும், நீ செய்வதும் நம் வீட்டு அல்வாதான்" என்று உங்கள் கையால் எழுதினால் போதும். யாரிடமும் காட்ட மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குல்சும்


உத்திரமேரூர்
22.4.2025

அன்புத் தங்கச்சி குல்சுமுக்கும் மருமகள் ஜாஹிராவுக்கும் ஸலாமும், பிந்திய பெருநாள் வாழ்த்தும். நோன்பு, பெருநாள் வியாபாரம் என்று நாள் ஓடிவிட்டது. இந்த வருஷம் பெருநாளைக்கு அடுப்பே அணையவில்லை. எல்லப்பன் தன் தம்பியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டான். வெயில் தாங்கவில்லை, மோர் நிறையக் குடி.

சான்றிதழ் வந்துவிட்டது. கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். சென்னைக் கம்பெனி டப்பாவில் பேரை மாற்றிவிட்டது.

உனக்குச் சங்கத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வரும். பார்த்துப் பயப்படாதே. கோட்டுக்கு வெளியே அந்தப் பேரை வைத்திருக்கிற எல்லோருக்கும் அனுப்புகிறோம். ஒருவரை விட்டால் அதைக் காட்டியே இன்னொருவன் கேஸ் போடுவான் என்று வக்கீல் சொல்கிறார். செயலாளர் என்ற முறையில் அதில் கையெழுத்து என்னுடையது. போர்டை மட்டும் மாற்றிவிடு. அல்வாவைத் தாராளமாக விற்கலாம், அதற்குத் தடை இல்லை.

உன் போன கடிதத்தை வக்கீலிடம் காட்டவில்லை. ஆனால் பொதுவாகக் கேட்டேன். இந்த விஷயத்தில் எதையும் எழுத்தில் வைக்கக் கூடாது, ஒரு துண்டுச் சீட்டு வெளியே போனாலும் பதிவையே ரத்து செய்யச் சொல்லி வருவார்கள் என்றார். ஒரு தாளால் பட்ட பாடு உனக்கே தெரியும். அந்தக் கடிதத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன், தப்பாக நினைக்காதே. பக்ரீதுக்கு நான் செஞ்சிக்கு வருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம்.

உன் அண்ணன்,
கௌஸ்


செஞ்சி
11.6.2025

அன்புள்ள அண்ணனுக்குக் குல்சுமின் ஸலாம். பக்ரீதுக்கு வந்தீர்கள், சந்தோஷம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? அவ்வளவு தூரம் காலைத் தொங்கப் போட்டதில் முட்டி வீங்கியிருக்கும், ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

நேரில் பேசிக்கொள்வோம் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதனால் தொழுகை முடிந்து நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து சாயங்காலம் பஸ் ஏறுகிற வரைக்கும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறி நன்றாக வெந்திருக்கிறது என்றீர்கள். வெயிலைப் பற்றிப் பேசினீர்கள். ஜாஹிராவுக்கு மதுராந்தகத்தில் ஒரு வரன் இருக்கிறது என்றீர்கள். தண்ணீர் எடுக்கத் திரும்பினால்கூட அந்த நேரத்தில் சொல்லிவிடுவீர்களோ என்று ஜாஹிராவையே எடுத்து வரச் சொன்னேன். ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தேன். "இங்க அடிக்கடி கரண்ட் பூடுதா?" என்று கேட்டீர்கள்.

அல்வா வைத்தேன். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை, கை தானாகப் போய் ஒரு துண்டை எடுத்து மடித்தது. விரியவில்லை. மடித்த துண்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தீர்கள். அப்புறம் தின்றீர்கள். தட்டைக் காலி செய்துவிட்டு, அண்ணிக்கு ஒளித்துக் கொடுப்பதற்கு இரண்டு துண்டு மந்தாரை இலையில் கட்டித் தரச் சொன்னீர்கள். கட்டிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியையும் வாயால் சொல்லியிருக்கலாம் அண்ணே. தாளில் இல்லையே, எந்த வக்கீலுக்குத் தெரியப் போகிறது?

நீங்கள் வருவதற்கு முன்பே நோட்டீஸ் வந்துவிட்டது. சொன்னபடி செய்துவிட்டேன். பெயிண்டர் வந்து ஊர் பேர் மேல் வெள்ளை அடித்தார். நொய் அல்வா என்று மட்டும் இருக்கிறது. வியாபாரம் அப்படியேதான் நடக்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கவலைப்படாதீர்கள்.

நேற்று திருவண்ணாமலைக்குப் போகிற ஒரு குடும்பம் பஸ் மாறுவதற்கு இறங்கியது. அந்த அம்மா ஒரு துண்டைத் தின்றுவிட்டு இன்னொன்று வாங்கித் தின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "இந்த மாதிரி எங்கியும் துன்னதில்லம்மா. உனக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள். அவள் வாய் நேராகத்தான் இருந்தது, நன்றாகவே புரிந்தது.

"செஞ்சிதாம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். ஜாஹிரா என்னையே பார்த்தாள். எனக்கு நாக்கு ஒரு கணம்கூடத் தயங்கவில்லை அண்ணே. பிறந்து இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் உத்திரமேரூர் ஒன்றுதான், அது எனக்கு நினைப்புக்கே வரவில்லை. அந்த பஸ் போன பிறகுதான் அழுகை வந்தது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஒரு வரியை இனிமேல் உங்களிடம் கேட்க மாட்டேன். எழுதினாலும் அது அந்த வீட்டில் பிறந்தவளுக்கா, இந்தச் செஞ்சிக்காரிக்கா என்று எனக்குத் தெரியாது. அண்ணிக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

குல்சும்